கப்பலேறிய ஐந்து கடமைகள்

சென்ற இதழில் ஏடன் துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்களோடு நிறுத்தியிருந்தோம். தென்மேற்குக் காற்று மலபார்க் கரையில் கொண்டுவந்து விட்ட கப்பலை வடகிழக்குக் காற்று வந்துதான் திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் பல மாதங்கள். பாஷை தெரியாத ஊர், சொந்தக்காரர் இல்லாத தெரு, வாடகைக் கிடங்கில் படுக்கை. இப்படி உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் மார்க்கத்தில் எவ்வளவைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வியை வரலாற்று நூல்கள் அதிகம் கேட்பதில்லை. மிளகு எத்தனை மூட்டை, குதிரை எத்தனை என்று எண்ணுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அவன் முஸ்லிமாக இருந்தால் விடை வியப்பானது: ஏறக்குறைய முழுவதையும் வைத்துக்கொள்ள முடியும். இஸ்லாத்தின் அடிப்படைக் கடமைகள், குருக்களும் குலமும் கட்டடமும் துணைக்கு இல்லாத ஒற்றை மனிதன் நிறைவேற்றக்கூடிய அளவில் வடிவமைந்தவை. அந்த வடிவம் தற்செயலாக வந்ததன்று. ஏழாம் நூற்றாண்டு மக்காவில், வழிபாட்டைச் சில குடும்பங்கள் கையில் வைத்திருந்த ஏற்பாட்டோடு நடந்த வழக்கில் பிறந்தது. பின்னாளில் அதுவே அந்த மார்க்கத்தைக் கப்பலேற்றியது. இந்த இதழில் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஆனால் இதற்கு வரக்கூடிய மறுப்புகள் வலுவானவை, அவற்றையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் மக்கா. கஅபா அன்றும் அரபுக் குலங்கள் பலவும் வந்து சுற்றும் தலம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு குடும்பம் பாத்தியதை வைத்திருந்தது. கதவின் சாவி அப்துத் தார் குலத்திடம். யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் வழங்கும் உரிமை நபிகள் நாயகத்தின் சொந்தக் குலமான ஹாஷிம் குலத்திடம். மக்காவாசிகளான குறைஷிகள் தங்களையும் தங்களோடு சேர்ந்த சிலரையும் ‘ஹும்ஸ்’ என்று தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் புனித எல்லைக்கு வெளியே உள்ள அரஃபாத் வெளிவரை போய் நிற்க, இவர்கள் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். தலத்தின் மக்களுக்கு அது இழுக்கு. வெளியூரிலிருந்து வருபவன் தன் உடையோடு கஅபாவைச் சுற்றக்கூடாது, ஒரு ஹும்ஸிடம் உடை வாங்கிக் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டால் ஆடையின்றிச் சுற்ற வேண்டும் என்றும் ஒரு வழக்கம் இருந்ததாக மரபு வரலாறுகள் சொல்கின்றன. நாள்காட்டிக்கும் ஒரு குடும்பம் உண்டு. போர் விலக்கப்பட்ட புனித மாதம் இந்த ஆண்டு எப்போது வரும், அதைத் தள்ளிப்போடலாமா என்று யாத்திரைக் காலத்தில் கூட்டத்தின் நடுவே எழுந்து அறிவிக்கும் உரிமை கினானாக் குலத்தின் ஒரு கிளையிடம் இருந்தது. காலத்தையே ஒரு வீட்டுக்காரர்கள் கையில் வைத்திருந்தார்கள் என்றால் மிகையாகாது.

இந்தச் செய்திகளைத் தரும் நூல்கள் பிற்காலத்தவை என்று வரலாற்று மாணவர் உடனே சொல்லுவார். உண்மை. நபிகளின் வரலாற்றை முதலில் விரிவாகத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் இறந்தது 767இல். நபிமொழிகளைத் தொகுத்த புகாரி 870இல். நூறாண்டு, இருநூறாண்டு இடைவெளியில் பழைய காலத்தை இருட்டாகக் காட்டும் ஆசை புகுந்திருக்கலாம். உடை விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் இரண்டு செய்திகளுக்குக் குர்ஆனே சாட்சி. எல்லா மக்களும் எங்கிருந்து திரும்புகிறார்களோ அங்கிருந்தே நீங்களும் திரும்புங்கள் என்று இரண்டாம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஹும்ஸ் சலுகை இல்லாதிருந்தால் அந்தக் கட்டளைக்கு அர்த்தமே இல்லை. மாதங்களைத் தள்ளிப்போடும் வழக்கத்தை ஒன்பதாம் அத்தியாயம் கடுமையாகக் கண்டித்து, மாதங்கள் பன்னிரண்டுதான் என்று முடிவு கட்டுகிறது. ஆகவே வழிபாட்டின் இடத்தையும் காலத்தையும் குலங்களின் கையிலிருந்து எடுத்தது பிற்காலத்துக் கற்பனை அல்ல. அந்த மார்க்கத்தின் மூல நூலிலேயே பதிந்திருக்கும் வேலை.

அப்படியானால் சாவி என்ன ஆயிற்று? 630இல் மக்கா நபிகளின் கைக்கு வந்தபோது சாவியை அவர் பழைய குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார். ஷைபா குடும்பம் என்று அறியப்படும் அந்த வழியினரிடம் அது இன்றுவரை இருக்கிறது. பரம்பரை உரிமையை ஒழித்ததாகச் சொல்லும் என் வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். ஆனால் கவனியுங்கள்: கஅபாவுக்குள்ளே நுழைவது ஹஜ்ஜின் எந்தச் சடங்கிலும் இல்லை. சாவிக்காரர் கதவைத் திறந்தாலும் பூட்டினாலும் யாத்திரிகரின் ஹஜ் கூடிவிடும். சாவி மரியாதையாக மிஞ்சியது, அதிகாரம் கழன்றுபோனது.

நம்பிக்கைக்கு வருவோம். நபிமொழித் தொகுப்புகளில் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. சொல்பவர் பின்னாளில் கலீபா ஆன உமர். நபிகளைச் சுற்றித் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வருகிறார்: வெள்ளை வெளேரென்ற உடை, கன்னங்கரிய முடி. ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது, ஆனால் வெளியூர்க்காரர் என்று சொல்ல மேலே பயணப் புழுதி ஒரு துளியும் இல்லை. முழங்காலோடு முழங்கால் முட்ட நபிகளின் முன்னே அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்கிறார்: இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன. வந்து போனவர் வானவர் ஜிப்ரீல் என்று பிறகு தெரிகிறது. முஸ்லிம் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் பாடம் இந்தக் கேள்வி பதிலிலிருந்துதான் வருகிறது. இஸ்லாம் என்பது செய்ய வேண்டிய ஐந்து: கலிமாவைச் சொல்லிச் சாட்சி பகர்தல், தொழுகை, ஜகாத், ரமலான் நோன்பு, வசதி உள்ளவருக்கு ஹஜ். ஈமான் என்பது நம்ப வேண்டிய ஆறு: அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், நன்மை தீமை எல்லாம் இறைவன் விதித்தபடி என்ற கத்ர். இஹ்ஸான் என்பது இறைவனை நேரில் காண்பதுபோல வணங்குதல். நீ அவனைக் காணாவிட்டாலும் அவன் உன்னைக் காண்கிறான் என்ற உணர்வு.

ஆறு நம்பிக்கைகளில் ஒன்றுகூட ஒரு தலத்தையோ உயிரோடிருக்கும் ஒரு மனிதரையோ நம்பச் சொல்லவில்லை. (ஷியா மரபு இங்கே வேறுபடுகிறது, நபிவழியில் வந்த இமாம்களின் தலைமையை ஏற்பது அவர்களுக்கு அடிப்படை நம்பிக்கையிலேயே சேர்கிறது. நம் கதை பெரும்பாலும் சுன்னி வணிகர்களைப் பற்றியது.) இந்த ஆறில் முனைப்பாக நிற்பது மறுமை: ஒவ்வொருவரும் தன் கணக்கோடு தனியாக நிற்க வேண்டிய நாள். அந்த நாளில் குலமும் சொத்தும் உதவாது என்று மக்காக் காலத்து அத்தியாயங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதைக் குறைஷி வணிகர்களின் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். குலம் காப்பாற்றும் என்பதுதான் அந்தச் சமூகத்தின் ஒரே காப்பீடு. அதையே செல்லாது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? உள்ளே நுழைவதும் அதே எளிமையில் இருந்தது. இறைவன் ஒருவன், முகம்மது அவன் தூதர் என்று மனமறிந்து சாட்சி சொல்வது; அவ்வளவுதான். பிறப்பும் வேண்டாம், தீட்சை கொடுக்க ஒரு குருவும் வேண்டாம்.

தொழுகைதான் இந்த வாதத்தின் மையம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாளுக்கு ஐந்து வேளை, மொத்தம் 17 ரக்அத்: காலையில் 2, லுஹரில் 4, அஸரில் 4, மக்ரிபில் 3, இஷாவில் 4. ஒவ்வொரு ரக்அத்திலும் ஏழு வசனம் கொண்ட ஃபாத்திஹா அத்தியாயம். பிறகு குனிதல், நெற்றி நிலம்பட வணங்குதல். நேரத்தைச் சொல்ல மணியோ பஞ்சாங்கமோ தேவையில்லை. வெட்டவெளியில் ஒரு குச்சியை நட்டால் போதும். உச்சிப்பொழுதில் நிழல் மிகக் குறுகி, பிறகு நீளத் தொடங்கினால் லுஹர் வந்துவிட்டது. உச்சிநேரத்து நிழலை விட்டுவிட்டு, மிச்ச நிழல் குச்சியின் உயரத்தை எட்டித் தாண்டத் தொடங்கினால் அஸர் என்பது ஷாஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) அளவு. இரண்டு மடங்கு என்றார் மற்றொரு சட்டப்பள்ளியின் தலைவர் அபூஹனீஃபா. சூரியன் மறைந்தால் மக்ரிப், மேற்கே செம்மை போனால் இஷா, கிழக்கே வெள்ளை படர்ந்தால் காலைத் தொழுகை. தண்ணீர் இருந்தால் முகம், கைகால் கழுவும் உளூ. இல்லாவிட்டால்? பாலைவனத்திலும் கப்பலிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. நபிகளின் மனைவி ஆயிஷாவின் கழுத்து மாலை ஒரு பயணத்தில் தொலைந்து, அதைத் தேடி எல்லோரும் தண்ணீரில்லாத இடத்தில் தங்கிவிட, அப்போதுதான் தயம்முமுக்கான அனுமதி வந்தது என்பார்கள். சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிக்கொள்வது. அவ்வளவில் தொழத் தகுதி வந்துவிடும்.

பயணிக்கு இன்னும் சலுகை. நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்கும். 17 என்பது 11 ஆகும். ஆடும் கப்பலில் நிற்க முடியாதவன் உட்கார்ந்து தொழலாம். கிப்லா என்ற தொழும் திசையை நோக்கித் தொடங்கிய பிறகு கப்பல் திரும்பினால் அவனும் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சட்ட நூல்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. நடைமுறையில் கேட்டவர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட விதிகள் எழுதப்படுவதில்லை. கிப்லாவே ஒரு நல்ல பாடம். மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பின் 16 அல்லது 17 மாதங்கள் நபிகள் ஜெருசலேமை நோக்கித் தொழுதார். 624இல் திசை மக்காவுக்கு மாறியது. திசை ஒன்றுதான், ஆனால் வேண்டுவது அந்தப் பக்கம் முகம் திருப்புவது. பாகை பிசகாத கணக்கு அல்ல. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய கொர்தோபா பெரிய பள்ளிவாசலின் முகம், ஏறக்குறையக் கிழக்கே இருக்க வேண்டியது, தெற்குப் பக்கம் வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் அங்கே தொழுதவர்களின் தொழுகை கூடவில்லை என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

கட்டடமும் அப்படியே. மதீனாவில் நபிகள் எழுப்பிய பள்ளிவாசலுக்குப் பேரீச்ச மரத்தண்டுகள் தூண், பேரீச்ச ஓலை கூரை, சுவர் பச்சைச் செங்கல். மழை பெய்தால் ஒழுகி, தொழுபவரின் நெற்றியில் சேறு ஒட்டும். கருவறை இல்லை, சிலை இல்லை. மக்களை அழைக்க யூதரைப் போலக் கொம்பு ஊதலாமா, கிறிஸ்தவரைப் போல மரப்பலகையைத் தட்டலாமா என்று பேசி, கடைசியில் மனிதக் குரலே போதும் என்று முடிவாயிற்று. பாங்கு சொல்ல நியமிக்கப்பட்டவர் பிலால், அபிசீனிய வம்சத்தவர், விடுதலை பெற்ற அடிமை. அந்தப் பதவிக்குக் குலம் பார்க்கவில்லை என்பதை அரேபியா முழுவதற்கும் உரக்கச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. முன்னின்று தொழ வைக்கும் இமாமும் பிறப்பால் வருபவர் அல்லர். கூட்டத்தில் குர்ஆன் நன்றாக ஓதத் தெரிந்தவர் முன்னே நிற்பார், தொழுகை முடிந்தால் அவரும் ஒருவர். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம்: பெண்ணின் பொறுப்பாளர், இரண்டு சாட்சிகள், மணமகன் தர வேண்டிய மஹர். இறந்தவருக்கான தொழுகையைச் சிலர் நின்று நிறைவேற்றிவிட்டால் ஊரின் கடமை தீர்ந்துவிடும். துறைமுகத் தெருவில் நான்கைந்து முஸ்லிம்கள் இருந்தால் பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றையும் தாங்களே நடத்திக்கொள்ள முடியும். அந்த ஊர்ப் பெண்ணை மணந்து, பிள்ளைகளை மார்க்கத்தில் வளர்த்து, வெளியிலிருந்து ஒருவரும் வராமலே இரண்டாம் தலைமுறையை உருவாக்கிவிட முடியும்.

நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது 624இல் கடமையானது. காலைக்கான அளவுகோல் குர்ஆனில் வெள்ளை நூல், கறுப்பு நூல் என்ற உவமையாக வருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்ட அதீ இப்னு ஹாதிம் என்ற தோழர் இரண்டு நூல்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தாராம். அது இரவின் கருமையும் விடியலின் வெண்மையும் என்று நபிகள் விளக்க வேண்டியதாயிற்று. நகைச்சுவையான கதைதான், ஆனால் யாரும் தன் கண்ணால் தானே முடிவு செய்துகொள்ளும் அளவுகோல் அது என்பதையும் காட்டுகிறது. மாதக் கணக்கும் அப்படி. பிறை கண்டு நோன்பு வைத்து, பிறை கண்டு விடுவது. மாதம் 29 நாளாகவும் இருக்கலாம், 30 நாளாகவும் இருக்கலாம் என்பதைத் தாங்கள் எழுத்தும் கணக்கும் அறியாத மக்கள் என்று சொல்லி, பத்து விரல்களையும் மும்முறை விரித்துக் காட்டி, ஒரு முறை பெருவிரலை மடக்கி நபிகள் விளக்கியதாக ஒரு செய்தி உண்டு. கினானாக் குடும்பத்தின் வேலை இந்த விரல்களோடு முடிந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. இடையில் மாதம் சேர்க்காத சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான். ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து, ரமலான் கோடையிலும் குளிரிலும் மாறி மாறி விழும், ஏறக்குறைய 33 ஆண்டில் ஒரு சுற்று. உழவனுக்கு இந்த ஆண்டு பயன்படாது. எகிப்திலும் ஈரானிலும் நில வரிக்குச் சூரியக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் கடலின் நடுவே இருப்பவனுக்கும் மேற்கு வானில் பிறை தெரியும்.

ஜகாத்தும் ஹஜ்ஜும் என் வாதத்துக்கு எளிதில் அடங்காதவை. ஜகாத் முதலில் அரசுக்குச் செலுத்தியது. 632இல் நபிகள் மறைந்ததும் சில குலங்கள் தொழுவோம், ஜகாத் மட்டும் தர மாட்டோம் என்றன. முதல் கலீபா அபூபக்கர் அவர்கள்மீது படையெடுத்தார். தனி மனிதனின் கடமை என்று நான் சொல்வதற்கு இதைவிட நேரான மறுப்பு இருக்க முடியாது. ஆயினும் அடுத்த சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. ஆடுமாடும் விளைச்சலும் கண்ணுக்குத் தெரியும்; வணிகனின் பணப்பை தெரியாது. மறைந்திருக்கும் செல்வத்துக்கான ஜகாத்தை உரிமையாளரே பிரித்துக் கொடுக்கலாம் என்று மூன்றாம் கலீபா உஸ்மான் விட்டுவிட்டார். அளவு எல்லோரும் அறிந்ததே: 20 தீனார் தங்கமோ 200 திர்ஹம் வெள்ளியோ ஒரு சந்திர ஆண்டு கையில் நின்றால் நாற்பதில் ஒரு பங்கு, மழை விளைச்சலில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சிய பயிரில் இருபதில் ஒன்று. பெறத்தக்கவர் எட்டு வகையினர் என்று குர்ஆன் பட்டியலிடுகிறது. ஏழைகள், கடனாளிகள், விடுதலைக்குப் பணம் தேடும் அடிமைகள் ஆகியோரோடு வழிப்போக்கனும் அதில் இருக்கிறான். ஊரில் செல்வனாக இருந்தாலும் வழியில் கைவிடப்பட்டால் அவனுக்கும் உரிமை உண்டு. கப்பல் உடைந்து கரையொதுங்கிய வணிகனுக்கு இதன் அருமை புரியும்.

ஹஜ் ஒன்றுதான் இடத்தோடு கட்டப்பட்டது. அதை எந்தத் துறைமுகத்துக்கும் தூக்கிப்போக முடியாது. எனவேதான் அது வசதியும் வழியும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை என்று நின்றது. அங்கேயும் பழைய சலுகைகள் கழிந்தன. தையலில்லாத இரண்டு துணிகளில் ஆண்கள் எல்லோரும் ஒன்றாகிறார்கள். ஹும்ஸிடம் உடை கேட்க வேண்டியதில்லை. 632இல் நபிகள் செய்த கடைசி ஹஜ்ஜில் குறைஷியரான அவரே எல்லையைத் தாண்டி அரஃபாத்தில் போய் நின்றார். அங்கே நிற்பது தவறினால் ஹஜ்ஜே இல்லை என்ற விதி, பழைய உயர்குடியினர் போக மறுத்த இடத்தையே ஹஜ்ஜின் உயிராக ஆக்கியது.

இனி மறுப்புகள். குருக்கள் இல்லாத மார்க்கம் என்கிறீர்களே, ஆலிம்களும் காழிகளும் எங்கிருந்து வந்தார்கள்? தமிழ்நாட்டு ஊர்களில் லெப்பை இல்லாமல் நிக்காஹ் நடந்ததா, மோதினார் இல்லாத பள்ளி உண்டா? நியாயமான கேள்வி. குச்சி நிழல் போதும் என்று தொடங்கிய மார்க்கத்தில்தான் பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளராக இப்னு ஷாத்திர் போன்ற பெரும் வானியலாளர் இருந்தார். கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாகக் கணிக்க அல்பிரூனி ஒரு நூலே எழுதினார். பிறை விஷயத்தில் இன்றும் நம் ஊர்களில் ஒரே பெருநாள் இரண்டு நாளில் வருவதை அறியாதவர் யார்? ஆனால் இவர்கள் எல்லோரும் அறிந்தவர்கள், அருள் வழங்குபவர்கள் அல்லர். லெப்பை வராவிட்டாலும் சாட்சிகள் இருந்தால் நிக்காஹ் செல்லும். வழக்கம் குலையும், சட்டம் குலையாது. கடமைக்கு இன்றியமையாதவர் வேறு, வசதிக்கும் மரியாதைக்கும் வேண்டியவர் வேறு. வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ மட்டும் இதற்கு விலக்கு: ஷாஃபி சட்டப்படி அந்த ஊரில் குடியிருக்கும் 40 பேர் கூட வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, மலபார், இலங்கை ஆகிய கரையோரப் பகுதிகளில் ஷாஃபி மத்ஹபே மேலோங்கியிருப்பதால் இந்த எண்ணுக்கு இங்கே எடை உண்டு. ஆனால் பயணிக்கு ஜும்ஆ கடமையே இல்லை.

அரபு மொழி ஒரு வாசற்படி இல்லையா என்பது இரண்டாவது மறுப்பு. ஆம், இதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். ஃபாத்திஹாவை ஓதிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அரபு வராதவர் பாரசீகத்தில் ஓதலாம் என்று அபூஹனீஃபா இடம் கொடுத்தார். மற்றச் சட்டப்பள்ளிகள் அதை ஏற்கவில்லை. தமிழ் முஸ்லிம்கள் இதற்குக் கண்ட வழி சுவையானது. ஓதுவதை அரபில் வைத்துக்கொண்டு, கடமைகளின் பெயர்களில் பலவற்றைத் தமிழில் சொன்னார்கள்: தொழுகை, நோன்பு, பெருநாள், பிறை, ஓதுதல். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடங்களுக்கு வைத்திருந்த பள்ளி என்ற சொல்லையே எடுத்துப் பள்ளிவாசல் என்றார்கள். கலிமாவும் ஜகாத்தும் ஹஜ்ஜும் அரபாகவே நின்றன.

மூன்றாவது மறுப்பு: மற்றவர்களும்தானே கடல் கடந்தார்கள்? கி.பி. 70இல் கோயிலை இழந்த யூதர்கள் எங்கும் தூக்கிச்செல்லக்கூடிய மார்க்கத்தை இஸ்லாத்துக்கு முன்பே உருவாக்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தமிழ் வணிகர்கள் சீனத்துச் சுவன்சௌ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயிலே எழுப்பித் தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள். எல்லாம் சரி. தூக்கிச்செல்லும் தன்மை இஸ்லாத்துக்கு மட்டும் உரியதன்று. வேறுபாடு, வந்து சேரும் வழியில் இருக்கிறது. சுவன்சௌ கோயிலைக் கட்டிய தமிழர்கள் ஊர் திரும்பியதும் அதில் வழிபடச் சீனச் சைவர்கள் உருவாகியிருக்கவில்லை. அதே ஊரில் முஸ்லிம்களின் வாரிசுகள் சீனராகவே தொடர்ந்தார்கள். தூக்கிச்செல்வதும் எளிது, உள்ளே வருவதும் எளிது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

கடைசியாக வாள். அரபுப் படைகள் 711ஆம் ஆண்டிலேயே ஸ்பெயினையும் சிந்துவையும் தொட்டன. அந்தப் பேரரசு வாளால் அமைந்தது என்பதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஆட்சி பரவுவதும் மார்க்கம் பரவுவதும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. எகிப்து ஏழாம் நூற்றாண்டில் வெல்லப்பட்டது; அதன் மக்கள் பெரும்பான்மை முஸ்லிமாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின. மறுபக்கம், இன்று 20 கோடிக்கும் அதிகமான முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவுக்கு எந்த அரபுப் படையும் போகவில்லை. 1292 வாக்கில் சுமத்ராவின் பெர்லாக்கில் வணிகர்களால் மார்க்கம் மாறிய மக்களை மார்கோ போலோ குறிப்பிடுகிறார். பக்கத்தில் சமுத்ரா பாசையின் சுல்தான் மாலிக் அல்சாலிஹின் கல்லறைக் கல் 1297ஆம் ஆண்டைச் சொல்கிறது. மாலத்தீவில் 1340களில் காழியாக அமர்ந்த பயணி இப்னு பதூதா, ஜும்ஆவுக்கு வராதவர்களை அடிக்கச் செய்தும் பெண்களை மேலுடை அணிய வைப்பதில் தோற்றுப்போனதை அவரே எழுதுகிறார். கலிமாவும் தொழுகையும் நோன்பும் அந்தத் தீவுகளில் அவருக்கு முன்பே இருந்தன. சட்டம் படித்தவர் பின்னால் வந்து திருத்தப் பார்த்தார். வணிகர் முதலில், ஆலிம் பிறகு என்பதே பல கரைகளின் வரிசை.

நம் கரையிலும் படை வந்தபோது மார்க்கம் ஏற்கெனவே இருந்தது. 1311இல் மாலிக் காபூரின் தில்லிப் படை பாண்டிய நாட்டுக்குள் நுழைந்ததைத் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூ எழுதிவைத்திருக்கிறார். கந்தூர் என்று அவர் சொல்லும் ஊரில் (கண்ணனூராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து) இந்து அரசரின்கீழ் வாழ்ந்த முஸ்லிம்கள் சிலர் படையிடம் வந்து சேர்ந்தார்கள். பாதி இந்துக்கள், மார்க்க ஒழுக்கத்தில் தளர்ந்தவர்கள் என்று குஸ்ரூ அவர்களை முகம் சுளித்தே வர்ணிக்கிறார். எதிரியின் ஆட்கள், கொல்லத் தக்கவர்கள் என்றும் சொல்கிறார். ஆனால் அவர்களால் கலிமா சொல்ல முடிந்தது. தளபதி அவர்களை உயிரோடு விட்டார். அவர்கள் யார், எந்தக் குதிரைக் கப்பலில் அவர்களுடைய முன்னோர் வந்திறங்கினார்கள் என்பதற்குக் காயல் துறைக்குப் போக வேண்டும். அடுத்த இதழில் போவோம்.